பொத்தான் வைத்த குடை

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், நேரக் கண்காணிப்பாளர் அறையை ஒட்டி, வெயில் எட்டிப் பார்க்காத அறை ஒன்று உண்டு. பயணிகள் பேருந்தில் விட்டுவிட்டுப் போகும் பொருள்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். குடைகள், கண்ணாடிக் கூடுகள், ஒற்றைச் செருப்பு, பல் செட்டு, ஒருமுறை முழுசாக ஒரு தையல் இயந்திரம். தையல் இயந்திரத்தை எப்படி ஐயா மறந்து இறங்குவார்கள் என்று யாராவது கேட்டால், "மனுஷன் எதையும் மறப்பான்" என்பார் அந்த அறையின் பொறுப்பாளர். தன்னை அந்த மனுஷனில் சேர்க்காத குரலில் சொல்வார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கும் அது புழங்கவில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் அவரை மூணடையாளம் என்று கூப்பிட்டார்கள். காரணம், அவர் கொண்டுவந்த விதி. பொருளைத் தேடி வருபவர் அதன் மூன்று அடையாளங்களைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பொருள் அலமாரியை விட்டு இறங்கும். அதற்கு முன்னால் தூரத்தில் நின்றுகூடப் பார்க்க முடியாது. பை என்றால் இரண்டு ஊழியர்கள் சேர்ந்துதான் திறக்க வேண்டும். ஊழியரின் சொந்தப் பொருளானாலும் இதே சட்டம்தான்.

அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அந்த இடத்தில் மூன்று அடையாளங்களை வைத்திருந்தார். "உண்மையான சொந்தக்காரனுக்குத் தன் பொருள் அச்சா தெரியும். தடுமாறுறவன் திருடன், இல்லேன்னா திருடப் போறவன்" என்பது அவருடைய வேதம். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொருளைக்கூடத் தவறான கையில் கொடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அது உண்மையா என்று கேட்க ஆள் இல்லை. தவறான கை என்றைக்காவது திரும்பி வந்து புகார் கொடுக்குமா என்ன?

அந்த அறையில் இரண்டாவதாக ஒரு மேசை உண்டு. பயணச்சீட்டுப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்த பெண் ஒருத்தி அதில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் அவள் இரண்டாம் மேசை. வந்த முதல் மாதமே அவள் தன் சாப்பாட்டு டப்பாவைப் பேருந்தில் விட்டுவிட்டாள். பதினோரு மணிக்கு நடத்துநர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் கை நீட்டுவதற்குள் மூணடையாளம் அதை எடுத்து அலமாரியில் ஏற்றினார்.

"அண்ணே, அது என் டப்பாண்ணே."

"இருக்கலாம்மா. மூணு அடையாளம் சொல்லு."

"வட்டமா இருக்கும். எவர்சில்வர்."

"எல்லா டப்பாவும் வட்டம், எல்லா டப்பாவும் எவர்சில்வர்."

"அதுக்குள்ள என் சாப்பாடு இருக்குண்ணே!"

"டப்பாவுக்குள்ள சாப்பாடு இல்லாம செருப்பா இருக்கும்?"

அன்று மதியம் அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா தலைக்கு மேலே இருந்து மணத்தது. மாலைக்குள் மணம் நாற்றமாக மாறியது. அறுபது நாள் கழித்து, கேட்பாரில்லாத மற்ற பொருள்களோடு சேர்ந்து, கழுவிய அந்த டப்பா முதியோர் இல்லத்துக்குப் போனது. நடத்துநர்கள் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். தன் நேர்மைக்குக் கிடைத்த பாராட்டு என்று அவர் அதை எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதைகளை எல்லாம் அவர் தினமும் மாலையில் வீட்டில் சொல்வார். கேட்பதற்கு மனைவி ஒருத்திதான். பிள்ளைகள் இல்லை. அவள் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். அவள் கடவுளை நம்புகிறவள். காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருவாள். "எனக்கும் சேர்த்து வேண்டிக்க" என்று அவர் கிண்டலாகச் சொல்வார். "அதான் பாதி நேரம் போகுது" என்பாள் அவள்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, அவர் உற்சாகமாக வீடு திரும்பினார்.

"இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு பாரு, கோட்டு போட்டுக்கிட்டு. குடை தேடி வந்தவரு. அடையாளம் கேட்டேன். புத்தகத்தைப் பாத்துப் படிக்கிற மாதிரி சொன்னாரு. கைப்பிடி வளைவுல ஒரு கீறல். ஒரு கம்பியைத் தடிச்ச நூலால துணியோட சேத்துத் தைச்சிருக்கு. மடக்கிக் கட்டுற பட்டையில நாலு ஓட்டைச் சட்டைப் பொத்தான். மூணும் சரி. சொந்தக்காரன்னா அப்படி இருக்கணும்!"

"பொத்தானா? யாரு தைச்சதாம்?"

"அதெல்லாம் நான் எதுக்குக் கேக்கறேன்?"

"ஒரு தடங்கலும் இல்லாமலா சொன்னாரு?"

"ஒரு இடத்துலயும் மூச்சு வாங்கல."

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

வியாழக்கிழமை ஒரு தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, விரலெல்லாம் சுண்ணக்கட்டித் தூள். மார்க்கெட் பக்கம் இருந்த கடையை நடுவில் பூட்டிவிட்டு ஓடி வந்ததாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதினேழாம் எண் பேருந்தில் குடையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"மூணு அடையாளம்."

"கறுப்புக் குடைங்க."

"அது ஒண்ணு."

"பெரிய குடைங்க. ரெண்டு பேரு போகலாம்." கொஞ்சம் யோசித்தார். "மழைக்கு நல்லா இருக்கும்."

"குடை மழைக்கு நல்லா இல்லாம?"

"சார், குடையைப் பாத்துக்கிட்டா யாராச்சும் நடப்பாங்க? ரோட்டைத்தானே பாப்பாங்க? குடைங்களைக் காட்டுங்க சார், எதுன்னு நான் தொட்டுச் சொல்றேன்."

"காட்டினா யாரு வேணா சொல்வாங்க."

அலமாரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சீட்டோடு பதினேழாம் எண்ணில் வந்த கறுப்புக் குடை ஒன்று இருந்தது. அதுதான் இந்த ஆளுடையது என்று மூணடையாளத்துக்கு ஓரளவு தோன்றவும் செய்தது. ஆனால் தோன்றுவது சட்டமாகாது. தையல்காரர் நனைந்துகொண்டே திரும்பிப் போனார். அன்று மாலை வீட்டில் மூணடையாளம் இதை நடித்தே காட்டினார். மழைக்கு நல்லா இருக்குமாம்! மனைவி சிரிக்கவில்லை. தண்ணீர் எடுத்துவரப் போகிறவள்போல எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் இல்லை.

காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாதி அவர் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். "அம்மாவோட பை. பத்திரம்." உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் வீட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர் பதினேழாம் எண்ணில் ஏறினார். அவளோடு எங்கே போனாலும் ஜன்னல் ஓர இருக்கை அவளுக்குத்தான். பையை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். தன் நிறுத்தம் வந்ததும் இறங்கினார்.

வீட்டுக் கதவைத் திறந்த பிறகுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது.

ஏழு நாள் விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பினார். நேராக அலமாரிக்குப் போனார். ஆஸ்பத்திரி வழியாக வருவதால் பதினேழாம் எண்தான் அந்த அறைக்கு எப்போதும் அதிகப் பொருள் தரும். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருபவர்களுக்குக் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இது அவர் கண்டுபிடித்துப் பலரிடம் பெருமையாகச் சொன்ன உண்மை. அவள் இறந்த தேதிச் சீட்டோடு அங்கே பெண்கள் வைத்துக்கொள்ளும் பைகள் மூன்று இருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம்.

அவர் மூன்றையும் பார்த்தார். மூன்றும் அவளுடையதாக இருக்கலாம் போலிருந்தது. ஒவ்வொன்றையும் மனதுக்குள் அவள் தோளில் மாட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் பொருந்தியது.

"அண்ணே..." இரண்டாம் மேசை எழுந்து வந்தாள். துக்கம் விசாரிக்கத் தெரியாமல் சேலை முனையைத் திருகினாள். "எப்படி இருக்கீங்க?"

"ஒரு பை வரணும்மா. என் வீட்டுக்காரி பை."

அவளுக்குப் புரிந்தது. அலமாரியை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள். இரண்டு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "மூணு அடையாளம் சொல்லுங்கண்ணே." சொன்ன அதே மூச்சில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சும்மா சொன்னேன். மூணையும் திறந்துடுவோம். பாத்து எடுத்துக்குங்க."

"இல்லை. நீ கேட்டதுதான் முறை."

"அண்ணே, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

அப்படிச் சொன்னபோது அவருக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது. அதைக் கொண்டு அரை நாள் ஓட்டினார். பிற்பகலில் அதுவும் தீர்ந்துபோய், மூன்று பைகளும் அவரும் மட்டும் மிஞ்சினார்கள். இத்தனை வருடம் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் வெளியே போனார். தையல்காரர் குடையைப் பார்க்கவில்லை என்று சிரித்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் தொலைந்த அத்தனை பொருளின் தேதியையும் சொல்லத் தெரிந்தவருக்கு, சொந்த வீட்டுப் பையின் நிறம் தெரியவில்லை. அவள் அந்தப் பையோடு கடைக்குப் போவாள், திரும்பி வருவாள். அவர் பார்த்தது அவள் வாங்கி வந்ததை.

வேறு வழியில்லாமல் வெளியே போய் மனைவியின் தங்கைக்குத் தொலைபேசி செய்தார்.

"அக்கா பையா? என்னத்தான், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்... சும்மா உறுதிப்படுத்திக்கத்தான்."

"கருநீலம். ஜிப்போட நாக்கு உடைஞ்சு போய் ஊக்கு மாட்டியிருப்பா. தோள் வார் அடியில சிவப்பு நூல்ல தைச்சிருக்கும். நீலம் இல்லையாம் அன்னிக்கு. அப்புறம் உள்ள ஒரு சின்ன நோட்டு. யாரு யாருக்கு என்ன வேண்டிக்கணும்னு எழுதி வைப்பா. எதுக்குக்கா எழுதறே, கடவுளுக்குத் தெரியாதான்னு கேட்டேன். கடவுளுக்கு மறக்காதுடி, எனக்கு மறந்துடும்னா. நீங்க வாங்கிக் குடுத்த பைதானே அத்தான் அது? வேலை நிரந்தரமான வருஷம். மாத்த மாட்டேன்னு அதனாலதான் பிடிவாதம் பிடிச்சா."

அவருக்கு வாங்கிக் கொடுத்தது ஞாபகமில்லை. ஆமாம் என்றார்.

உள்ளே வந்து மேசைக்கு முன்னால், பொதுமக்கள் நிற்கும் பக்கத்தில் நின்றார். அந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. பலகை நெஞ்சுவரை இடித்தது. உள்ளே இருப்பவரின் முகம் நிழலில் சரியாகத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடமாக இப்படித்தான் தெரிந்திருக்கிறோம் போல என்று நினைத்துக்கொண்டார்.

"கருநீலம். ஜிப்பில் ஊக்கு. தோள் வார் அடியில் சிவப்பு நூல்."

இரண்டாம் மேசை பையை இறக்கிப் பார்த்தாள். மூன்றும் சரியாக இருந்தன. அவள் முகத்தில் சந்தோஷம்தான் தெரிந்தது. "அச்சா சொல்லிட்டீங்களேண்ணே! ஒரு இடத்துலயும் மூச்சு வாங்கல!"

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். அச்சாகச் சொன்னது அவருக்குத் தெரிந்ததால் அல்ல, கேட்டு வந்ததால். காலையில் சொந்தக்காரராக வந்தபோது அவரிடம் ஒரு அடையாளமும் இருக்கவில்லை. மூன்றையும் வைத்துக்கொண்டு நிற்கும் இப்போதுதான் அவர் வேறு யாரோ. படிவத்தில் 'பொருளுக்கு உரியவருடன் உறவு' என்று ஒரு கட்டம் உண்டு. கணவர் என்று எழுதினார். அதற்கு மட்டும் யாரும் அடையாளம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தார். உள்ளங்கை அகலம்தான். வரிக்கு ஒரு வேண்டுதல். நிறைவேறியவற்றைக் கோடு போட்டு அடித்திருந்தாள். இவருக்கு முட்டி வலி குறையணும், அடிக்கவில்லை. இவருக்கு மேலதிகாரியோடு சண்டை தீரணும், அடித்திருந்தது. அதன் பிறகு வந்தவர்களை அவர் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடிக்காரப் பெரியவர். பல் செட்டு அம்மா. ஒற்றைச் செருப்புப் பிள்ளை. மாலை நேரங்களில் அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைகள் எல்லாம் வரிசையாக அங்கே இருந்தன. அவர் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும் அவள் இந்த நோட்டில் உட்கார வைத்திருந்தாள். அவர் தனக்கு ஒரு ரசிகை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

'இரண்டாம் மேசைப் பெண்ணுக்கு டப்பா' என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில் இரண்டே வரிகள், இரண்டும் அடிக்கப்படாமல். 'தையல்காரருக்குக் குடை கிடைக்கணும்.' அதற்குக் கீழே, 'அது இவருக்குத் தெரியவே கூடாது.' எது தெரியக் கூடாது என்று அவருக்கு விளங்கவில்லை. மேல் வரி போதுமானதாக இருந்தது.

காலையில் முதல் வேலையாக இரண்டாம் மேசையிடம் கேட்டார். "உனக்குப் புது டப்பா எப்பம்மா கிடைச்சது?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "அக்கா வாங்கிக் குடுத்தாங்கண்ணே. இங்கே வாசல் வரைக்கும் வந்து குடுத்துட்டுப் போனாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

கடவுளிடம் கேட்டுவிட்டு, அவருக்கு வேலை அதிகம் என்று தானே போய்ச் செய்துவிடுகிற பழக்கம் மனைவிக்கு இருந்திருக்கிறது. குடை விஷயத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். மூணடையாளம் பதினேழாம் எண் கறுப்புக் குடையை அலமாரியிலிருந்து இறக்கினார்.

"அடையாளம் யாருண்ணே சொன்னது?" என்றாள் இரண்டாம் மேசை.

"என் வீட்டுக்காரி" என்றார்.

தையல் கடை மார்க்கெட் பின்புறச் சந்தில் இருந்தது. சொந்தக் குடையைப் பிடித்துக்கொண்டும் அலுவலகக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் அவர் போய்ச் சேர்ந்தார். தையல்காரர் அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தார், ஏதோ வழக்கு வந்துவிட்டது என்பதுபோல.

"உங்க குடை" என்று நீட்டினார். குரல் அவர் நினைத்ததைவிட ஈரமாக இருந்தது.

தையல்காரர் அதை வாங்கவே இல்லை. எட்ட நின்று ஒரே பார்வை பார்த்தார். "இது என்னுது இல்லீங்களே சார்."

"விரிச்சுப் பாருங்க."

"விரிக்கவே வேணாம் சார். சொல்லத்தான் தெரியாது. பாத்தா தெரியாதா?"

அந்த வார்த்தை எங்கே போய்ப் பட்டது என்று தையல்காரருக்குத் தெரிய நியாயமில்லை. மூன்று பைகளைப் பார்த்தும் தெரியாத மனிதர், கையில் குடையோடு அசையாமல் நின்றார். தையல்காரர் அவருக்காக இரக்கப்பட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

"உக்காருங்க சார். அன்னிக்கு நீங்க கேட்ட கேள்வியில எனக்கு என் பேரே மறந்து போச்சு. வீட்டுக்குப் போய் ஈரத்துணியை மாத்தும்போதுதான் ஞாபகம் வருது. நம்ம குடைல பட்டை அந்துபோய் நானே ஒரு சட்டைப் பொத்தான் தைச்சிருந்தேன். நாலு ஓட்டைப் பொத்தான். கம்பி ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அதையும் தைச்சேன். திரும்ப வந்து சொல்லலாம்னா, பயம். யாராச்சும் சொல்லிக் குடுத்து வந்தியான்னு கேப்பீங்க."

கேட்டிருப்பார். அது இருவருக்குமே தெரிந்தது.

"பஸ்ஸுல பக்கத்துல கோட்டு போட்ட ஒருத்தர் உக்காந்திருந்தாரு" என்று தையல்காரர் தொடர்ந்தார். "வழியெல்லாம் பொத்தானையே பாத்துக்கிட்டு வந்தாரு. நல்லா தைச்சிருக்கீங்களேன்னுகூடச் சொன்னாரு. தங்கமான மனுஷன்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவருக்கு நோட்டின் இரண்டாவது வரி இப்போது எழுத்து எழுத்தாக விளங்கியது. யாருடைய குடையை யாருக்குக் கொடுத்தார் என்பதை அவள் அந்த வியாழக்கிழமை மாலையே சோற்றுத் தட்டுக்கு எதிரில் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல எழுந்து போனது அதற்குத்தான். குடைக்காரருக்குக் குடையையும், தன் கணவருக்கு அவருடைய முப்பத்தொரு வருடப் பெருமையையும், இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறாள். பேராசைதான்.

அவர் இதைச் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

"உங்க குடையை நான்தான் அந்தக் கோட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன்" என்றார். "வந்து கேட்டாரு. மூணு அடையாளம் சொன்னாரு."

"மூணும் சரியா சொன்னாரா சார்?"

"சரியா சொன்னாரு."

"பொத்தானுக்கு நாலு ஓட்டைன்னாரா?"

"நாலுன்னாரு."

"பாருங்களேன்!" தையல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது வருஷமா தைக்கிறேன். நான் தைச்சதை இவ்வளவு உன்னிப்பா எவனும் பாத்ததில்ல சார்."

வெளியே மழை கனத்தது. மூணடையாளம் தன் குடையை எடுத்துத் தையல்காரரின் மேசையில் துணிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதை வச்சுக்குங்க. இது ஆபீஸ் குடை இல்லை, என் சொந்தக் குடை."

"உங்களுதா?" தையல்காரருக்கு இப்போது பயம் போய்க் குறும்பு வந்திருந்தது. "மூணு அடையாளம் சொல்லுங்க பாக்கலாம்."

அவர் யோசித்தார். குடை கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் சொல்வதுதான் முறை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கறுப்பு" என்றார். பிறகு, "மழைக்கு நல்லா இருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அவர் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். அலுவலகக் குடையை விரிக்காமல், அது இன்னும் யாரோ ஒருவருடையது என்பதால் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி நிலையத்துக்குத் திரும்பினார். எதிரே வந்த நடத்துநர் ஒருவர், கையில் குடையை வைத்துக்கொண்டு நனைகிற ஆளை முதல்முறையாகப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேசைக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டு, அங்கே வைத்திருந்த தன் பையிலிருந்து நோட்டை எடுத்தார். தையல்காரருக்குக் குடை கிடைக்கணும் என்ற வரியை, அளவுகோல் வைத்து, ஒரே கோடாக அடித்தார். பேனா இரண்டாவது வரிக்கு இறங்கியது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

அதை அடிக்கவில்லை. நிறைவேறாத ஒன்றை நிறைவேறியதாகக் குறிப்பது முறையல்ல.